மேற்குச் சுவர் வளைந்த விதம்

1. அழைப்பிதழ்

ஆர்க்கிடெக்ட் ஞானாபரணம் அவர்களின் நூற்றாண்டு விழா அழைப்பிதழ் அட்டையில் ஒரே ஒரு வளைகோடு மட்டும் அச்சாகியிருந்தது. படமும் இல்லை, பெயரும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு அந்தக் கோடே போதும். தோவாளைக்கு அருகே அவர் கட்டிய வாசகசாலையின் மேற்குச் சுவர் அது. கல்லூரிப் பாடத்தில்கூட அந்தச் சுவர் வருகிறது.

அந்த வளைவு அவருடையது அல்ல. அது நான் செய்த தவறு.

விழா மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கமிட்டி கேட்டது. இளம் எஞ்சினியர்கள் படித்துப் பயன்பெற வேண்டும் என்றார்கள். தாராளமாகப் பயன்பெறட்டும். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த கட்டுரை இது அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞானாபரணம் சாரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: நல்ல செங்கல்லுக்குப் பூச்சு பூசுவதை அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். "வெந்த கல்லுக்கு எதுக்குடே சட்டை?" என்பார். இனயத்தில் மீனவர்கள் வலை பின்னுவதற்குக் கட்டிய கூடம், மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம், தோவாளைப் பக்கத்து வாசகசாலை என்று அவர் கட்டடங்கள் சிலதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையை ஏற்றிருப்பவர் ஜெனிஷா என்ற ஆர்க்கிடெக்ட். நாகர்கோவில்காரப் பெண், வடக்கே படித்துவிட்டு வந்தவர்.

அவர் ஒரு வியாழக்கிழமை என்னைப் பேட்டி எடுக்க வந்தார். செல்போனை மேசைமேல் வைத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டார்.

"சார்கூட வேலை செஞ்சவங்கள்ல இப்ப மிச்சம் இருக்கது நீங்க ஒரு ஆளுதான் அங்கிள். பத்திரமா இருங்க. உங்களையும் பாதுகாக்கப்பட்ட சின்னம்னு போர்டு வெச்சிரலாம்."

நான் சிரித்தேன். மிச்சம் இருப்பது நான் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பேட்டி முடிந்து எழுந்திருக்கும்போது அவர் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்.

"தென்மேற்கு மூலையில ஒரு குட்டைச் சுவர் நிக்கில்லா, திங்கக்கிழமை அத எடுத்திருவோம். ரசனை இல்லாத எவனோ பின்னால கெட்டியிருக்கான். வளைவுல பாதி அதுக்குப் பின்னால மறஞ்சு கெடக்கு."

காப்பிக்கு இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். குடித்து முடித்துவிட்டேனே என்று அவர் காலி டம்ளரைக் காட்டினார்.

அந்தப் பக்கத்தில் ஞானாபரணம் சார் நினைத்துக் கட்டியது அந்தக் குட்டைச் சுவர் ஒன்றுதான்.

2. சுண்ணாம்புக் கோடு

நான் பி.ஈ. முடித்ததும் சேர்ந்த முதல் வேலை அவரிடம்தான். வாசகசாலை சைட்டுக்கு நான் பொறுப்பு. முதல் நாள் டிராயிங் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். அறையின் நீள அகலம் மட்டும் அதில் இருந்தது. மற்றதெல்லாம் தரையில் வரும் என்றார்.

வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைநிறையச் சுண்ணாம்புப் பொடியை அள்ளி, பின்னோக்கி நடந்தபடியே கோடு போடுவார். நடுவில் நின்று நிமிர்ந்து காற்றைப் பார்ப்பார். பிறகு நடப்பார். அவர் போட்ட கோட்டில் திருத்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

"காத்து எந்தப் பக்கம்னு காகிதத்துக்குத் தெரியாதுடே" என்றார் என்னிடம்.

முதல் வகுப்பில் தேறியவனுக்கு அது பொறுக்குமா? அன்று மாலையே அந்தக் கோடுகளை அளந்து ஒரு பிளான் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. இருக்கிறது நான்கு கோடு, மனப்பாடம் ஆகாதா என்று விட்டுவிட்டேன்.

அந்த சைட்டில் தலைமைக் கொத்தனார் வைகுண்டமணி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நெற்றியில் நாமம் இட்டுத்தான் வேலைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டிடமான பதிக்குப் போய்விடுவார், எந்த அவசரம் சொன்னாலும் கிடைக்க மாட்டார். ஜாலிச் சுவர், அதாவது காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கும் சுவர், அவரைப்போல் கட்ட ஆள் இல்லை. பூச்சு இல்லாத சுவரில் கொத்தனாரின் கைப்பிழை எதையும் மறைக்க முடியாது. அதனால் தன் கட்டடங்களுக்கெல்லாம் ஞானாபரணம் சார் அவரையே அழைத்துப் போவார்.

மேற்குச் சுவர் நேர்க்கோடுதான். ஆனால் அறைக்குச் செங்குத்து அல்ல. தென்மேற்கு மூலை மூன்றடி வெளியே தள்ளியிருக்கும்படி சாய்த்துப் போட்டிருந்தார். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடும் மேல்காற்று சாரலையும் வாரிக்கொண்டு வரும். சுவர் கொஞ்சம் திரும்பி நின்றால் சாரல் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை அவர் வைகுண்டமணியிடம் விளக்கியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

தென்மேற்கு மூலையில் ஆரம்பித்து அந்தக் கோட்டில் எட்டடி நீளத்துக்குக் கருங்கல் அஸ்திவாரம் போட்டோம், மூலையை மட்டும் தரைக்கு மேல் எழுப்பி நிறுத்தினோம். அதை அருகிருந்து பார்த்துவிட்டு சார் இனயம் சைட்டுக்குப் போனார். மறுநாள் பிடித்த கோடை மழை மூன்று நாள் விடவில்லை. மழை நின்றபோது சைட் முழுக்கச் சகதி. சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில் தவளைகள் இருந்தன.

"சார் வரட்டும். ரெண்டு நாளு பொறுத்தா என்ன?" என்றார் வைகுண்டமணி.

இனயத்துக்கு ஆள் அனுப்பி, கோடு அழிந்துபோனது, வந்து போட்டுத் தாருங்கள் என்று கேட்பது எனக்கு அவமானமாகப் பட்டது. கயிற்றை எடுத்தேன். மூன்று, நான்கு, ஐந்து அடி அளந்து, புத்தகத்தில் உள்ளபடி வடமேற்கு மூலையில் செங்கோணம் பிடித்தேன். அங்கிருந்து தெற்கே நேராகச் சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு சுவர் அறைக்குச் செங்குத்தாக இல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. தெற்கே முக்கால் பங்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், கட்டி நிறுத்தியிருந்த மூலை மூன்றடி தள்ளி நிற்கிறது.

"சாரே, மூலையிலேருந்து எட்டடி கல்லு போட்டிருக்கோம்லா. சகதிக்குள்ள கெடக்கு. கோடு அதுக்க மேல வந்து சேரணும்" என்று வைகுண்டமணி சொன்னார்.

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால், போட்ட கோட்டை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அது கெடக்கட்டும். மூலையில கொண்டு சேத்தா போதும்" என்றேன்.

கடைசிப் பகுதியை வளைத்து மூலையில் கொண்டு சேர்த்தேன். அதுதான் அழைப்பிதழில் இருக்கும் வளைவு.

3. நான் சொன்ன உண்மை

இரண்டு வாரம் கழித்து சார் வந்தபோது சுவர் இடுப்புயரம் எழும்பியிருந்தது. வெளிப்பக்கமாக நடந்து வந்தவர் வளைவு தொடங்கும் இடத்தில் நின்றார். குடையை மண்ணில் குத்தினார். இரண்டாவது குத்தில் கல் தட்டுப்பட்டது. தன் பழைய கோட்டின் மேல் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார். சுவருக்கும் அவருக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் கிடந்தது. சாரலைப் பிடித்து அறைக்குள் அனுப்புவதற்கென்றே செய்தது போல.

"இந்தக் கோடு ஆரு போட்டது?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"நான் சிமெண்ட் பெர்மிட்டுக்கு நாகர்கோவில் போயிருந்தேன் சார்" என்றேன்.

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சிமெண்ட் வாங்க அப்போது அரசு அனுமதிச் சீட்டு வேண்டும்; அந்த வாரம் ஒரு நாள் அதற்காக நான் நாகர்கோவில் போயிருந்தேன். அவர் கேட்டது அதை அல்ல என்பதுதான் விஷயம். சார் என்னை விட்டுவிட்டு வைகுண்டமணியைப் பார்த்தார். வைகுண்டமணி கரண்டியில் ஒட்டியிருந்த கலவையை வழித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. வாய் திறக்கவும் இல்லை.

செங்கல்லை வீணாக்குவது சாருக்குப் பிடிக்காது. மேல்காற்று தொடங்கும் முன் கூரையும் போட்டாக வேண்டும். ஆகவே சுவரை இடிக்கச் சொல்லவில்லை. மண்ணுக்குள் கிடந்த அந்த எட்டடி அஸ்திவாரத்தின்மேல், மூலையோடு சேர்த்து, ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டச் சொன்னார். சாரல் பள்ளத்தில் போய் முட்டாமல் அது வெளியிலேயே தடுக்கும். வளைவு வந்து சேரும் மூலைக்கும் முட்டுக் கொடுக்கும். வைகுண்டமணி இரண்டே நாளில் கட்டி முடித்தார்.

மூன்றாம் நாள் காலை சார் அவரைக் கூப்பிட்டு, "இனி எனக்க வேலைக்கு நீ வேண்டாம்டே" என்றார். வைகுண்டமணி கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் மூன்றையும் ஒரு சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் அப்போது செங்கல் எண்ணிக்கொண்டிருந்தேன். இருந்ததைவிடக் கூடுதலாகவே எண்ணியிருப்பேன்.

4. புகழ்

அடுத்த ஆண்டு நான் அரசுப் பணிக்குப் போய்விட்டேன். சார் அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். கிறிஸ்துமஸ் தோறும் அவர் வீட்டுக்குப் போய்க் கேக் சாப்பிட்டு வந்தேன். கோடு பற்றிப் பேச ஒவ்வொரு முறையும் வாய்ப்பு இருந்தது. கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் காலமான பிறகுதான் அந்த வளைவு புகழ் பெற்றது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், அது மலையின் விளிம்பைத் தரையில் இறக்கிய கோடு என்று எழுதினார். இன்னொருவர் அது காற்றுக்குச் செய்த வணக்கம் என்றார். பூ கட்டும் நாரின் நெளிவு என்று மூன்றாமவர் கண்டுபிடித்தார். பக்கத்திலேயே தோவாளைப் பூச்சந்தை இருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. மாணவர்கள் வளைவில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். செங்கோணத்தை நம்பிய ஒரு எஞ்சினியர் ஆறு பேருக்கு முன்னால் பட்ட கூச்சம் என்று எவரும் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஒரு கருத்தரங்கில் என்னையே மேடையேற்றி, "அந்த வளைவு உருவான நாளில் நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று கேட்டார்கள். இருந்தேன் என்றேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் உண்மைதான். நான் சொல்லிவந்ததெல்லாம் உண்மையாகவே இருந்தது. அதில் எனக்கு ஒருவித சாமர்த்தியம் இருந்திருக்கிறது.

5. வைகுண்டமணி வீடு

ஜெனிஷா வந்துபோன மறுநாள் தோவாளை பஸ் ஏறினேன். வைகுண்டமணி அந்தப் பக்கம் வீடு கட்டியிருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன்பு கேள்விப்பட்டிருந்தேன். கேட்டதிலிருந்து அந்த நிறுத்தத்தில் நான் இறங்கியதில்லை. அடையாளம் கேட்டபோது, பச்சை பெயிண்ட் அடித்த வீடு என்றார்கள். மகன் வளைகுடாவிலிருந்து வந்து அடித்த பச்சை. சூரியனே சற்று ஒதுங்கித்தான் போகும் போல இருந்தது.

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எஞ்சினியர் சாரா? நாகர்கோவில் போயிட்டு இப்பம்தான் வாறீரா?"

நாற்பத்தைந்து வருடத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே, புதுசா ஒண்ணும் இல்லியே" என்றார்.

அன்று சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எஞ்சினியரக் காட்டிக் குடுத்த கொத்தனுக்கு அடுத்த சைட்டுல எவன் வேல தருவான்? சாருக்கா தெரியாதுன்னு நெனைக்கீரு? அவருக்க கோட்டுக்கும் உமக்க கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனா அவரு? எனக்க வாயிலேருந்து வரட்டும்னு பாத்தாரு. நான் உம்ம வாயிலேருந்து வரட்டும்னு பாத்தேன். நீரு செமெண்டு வாங்கப் போயிட்டீரு."

சார் அனுப்பிய பிறகும் வேலைக்குக் குறைவில்லை என்றார். ஊரெல்லாம் கான்கிரீட் வீடு எழும்பிய காலம். முப்பது வருடம் ஒரு நாள் சும்மா இருந்ததில்லை. மகனைப் படிக்க வைத்தார். வீடு கட்டினார்.

"ஒண்ணுதான் சாரே. சாரு அனுப்பின பெறவு நான் கெட்டின ஒரு சொவரக்கூட எனக்க மவன் கண்டதில்ல. எல்லாத்துக்க மேலயும் செமெண்டு பூசிட்டானுவ."

மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லை அவர் கையால் ஒதுக்கினார். குட்டைச் சுவரைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள் என்று சொன்னதும்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் கடைசியா பூசாமக் கெட்டின சொவரு அது. அவரு பேரு வெளங்கும்னு அவருக்க சொவரயே இடிக்கானுவளா? கொள்ளாம், நல்ல காரியம். போய் மொதல்ல அத நிறுத்தும். மன்னிப்பெல்லாம் பெறவு பாப்போம்."

6. தாணுலிங்கத்தின் டம்ளர்கள்

சனிக்கிழமை மாலை கமிட்டி கூடியது. தலைவர் தாணுலிங்கம் வடசேரியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், இந்த விழாவுக்காகக் கடையைக்கூட மறந்து அலைந்தவர். விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கி வைத்திருந்தார். பெயர் வெட்டும் இடத்தில் ஒவ்வொன்றிலும் அந்த வளைகோடு வெட்டியிருந்தது.

நான் எழுந்து, கோடு போட்டது நான் என்றேன். ஏன் போட்டேன், எப்படி மறைத்தேன், யாருக்கு வேலை போனது என்று வரிசையாகச் சொன்னேன். குட்டைச் சுவர் சாரின் சொந்தக் கோட்டில் நிற்கிறது, அதை எடுக்காதீர்கள் என்று முடித்தேன்.

தாணுலிங்கம் ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எஞ்சினியர் சார், நீங்க சொல்லுகது நெசமாவே இருக்கட்டும். விழா முடிஞ்ச பெறவு நெசமா இருந்தாப் போதாதா?"

சிலர் என் வயதைக் குறிப்பிட்டு ஆறுதலாகப் பேசினார்கள். இந்த வயதில் நினைவு குழம்புவது இயற்கை என்றார் ஒரு டாக்டர். அந்த மலை விளிம்பு, காற்று வணக்கம் எல்லாம் என்ன ஆவது என்று ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் வருந்தினார். ஜெனிஷா மட்டும் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்மேல் வந்த கோபம் நியாயமானது. இரண்டு நாளுக்கு முன்னால் ரெக்கார்டிங் ஓடும்போது சொல்லியிருக்கலாம்.

"ஆதாரம் உண்டா அங்கிள்?" என்றார் கடைசியில்.

காகிதம் எதுவும் இல்லை. அஸ்திவாரம் இருக்கிறது என்றேன். குட்டைச் சுவர் பிறகு ஒட்டவைத்தது என்றால் அதன் அஸ்திவாரம் மூலையிலிருந்து பிரிந்து, தனியாகத் தொடங்கியிருக்க வேண்டும். முதலில் போட்டது என்றால் மூலைக் கல்லோடு கல் பின்னி ஒரே ஓட்டமாக வர வேண்டும். வளைந்த சுவரின் அஸ்திவாரம்தான் அதில் வந்து இடித்துக்கொண்டு நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூலையில் குழி தோண்டினார்கள். பதிக்குப் போய்விட்டு வைகுண்டமணி ஆட்டோவில் வந்து இறங்கினார். இவர் யார் என்று தாணுலிங்கம் கேட்டார். அந்தச் சுவரைக் கட்டியவர் என்றேன். "அப்ப ரெண்டு சின்னம் பாக்கி இருக்கா?" என்று ஜெனிஷா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

ஓரடி ஆழத்தில் கருங்கல் தெரிந்தது. மூலையிலிருந்து குட்டைச் சுவரின் அடியில் எட்டடிக்கும் நேராக, பின்னிய கல். அதன் பக்கவாட்டில் வளைந்த சுவரின் அஸ்திவாரம் வந்து முட்டி நின்றது, இடம் இல்லாத பஸ்ஸில் ஏறியவனைப் போல. ஜெனிஷா குழிக்குள் இறங்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிரஷ் வைத்துத் துடைத்துப் பார்த்தார். நூல் பிடித்தார். அந்த நூல் அப்படியே நீண்டு, வடமேற்கு மூலையில் போய்ச் சரியாக விழுந்தது. ஞானாபரணம் சார் பின்னோக்கி நடந்து போட்ட கோட்டை அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

"திங்கக்கிழமை ஆளு வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார் ஜெனிஷா.

டம்ளர்களுக்கு என்ன செய்வது என்று தாணுலிங்கம் வைகுண்டமணியிடம் கேட்டார். குட்டைச் சுவரையும் ஒரு சின்னக் கோடாக வெட்டிச் சேர்த்துவிடுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். தாணுலிங்கம் அதை ஏற்றுக்கொண்டது எனக்கு ஆச்சரியம்.

7. பழைய செங்கல்

குட்டைச் சுவரில் பத்துப் பதினைந்து கற்கள் உப்பரித்து உதிர்ந்திருந்தன. அவற்றை மாற்ற வேண்டும். இப்போது வரும் செங்கல் அளவும் நிறமும் சேராது. அதே சூளைக் கல் பூதப்பாண்டி சாலையில் ஒரு வீட்டில் இருக்கிறது, சாலை அகலப்படுத்த அதை இடிக்கிறார்கள் என்றார் வைகுண்டமணி. அவர் கட்டிய வீடு. என்னையும் கூட வரச் சொன்னார். கல் சுமக்க ஆள் வேண்டும் என்றார்.

நாங்கள் போனபோது முன்பக்கம் இடிந்து கிடந்தது. பின்சுவர் ஒன்று மட்டும் நின்றது. இயந்திரம் தட்டியதில் அதன் பூச்சு பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. உள்ளே செங்கல் தெரிந்தது.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பூச்சுக்கு உள்ளே போகிற சுவரை எந்தக் கொத்தனாரும் அவசரமாகத்தான் கட்டுவார். நான் அரசுப் பணியில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், பில்லில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கலவை பிதுங்கி வழிந்திருக்கும், இணைப்பு ஒன்றுக்கொன்று சேராது. இந்தச் சுவரில் ஒவ்வொரு வரியும் நூல் பிடித்தது போல் இருந்தது. இணைப்புகளைக் கரண்டி முனையால் தேய்த்து மூடியிருந்தார். மறுநாள் வேறொருவன் வந்து சிமெண்ட் பூசப் போகிறான் என்று தெரிந்தே தேய்த்திருக்கிறார்.

வைகுண்டமணி கற்களைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"நல்லாப் பாத்துக்கிடும் சாரே. ஆரும் பாக்காத எடத்தில நான் இப்பிடிச் செஞ்சேன். நீரு ஆறு பேரு பாத்துக்கிட்டு நிக்கும்போ அப்பிடிச் செஞ்சீரு."

குட்டைச் சுவர் வேலை முடிய மூன்று நாள் ஆயிற்று. அவர் உட்கார்ந்து கல் வைத்தார்; நான் கலவை குழைத்துக் கொடுத்தேன். தண்ணீர் அதிகம் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் வளைகுடாவிலிருந்து அவர் மகன் வீடியோவில் கூப்பிட்டான். வைகுண்டமணி செல்போனை என் கையில் கொடுத்து, சுவர் முழுக்க மெதுவாகக் காட்டச் சொன்னார். மூலையிலிருந்து தொடங்கி வரி வரியாகக் காட்டினேன். கையை ஆட்டாதேயும் என்றார்.

இளம் எஞ்சினியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று கமிட்டி கேட்டிருந்தது. கோடு தவறினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அது வெறும் சுண்ணாம்புப் பொடி, காலால் அழித்துவிடலாம். நான் விட்டு வைத்ததால் வைகுண்டமணியின் முப்பது வருட வேலை பூச்சுக்குள் போய்விட்டது. அதை எடுத்துக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. ஒரு பின்சுவரை மட்டும் கண்ணால் பார்த்தேன். மறுவாரம் அதையும் இடித்துவிட்டார்கள்.